ஓடும்போது நின்றுபோகும் எஞ்சினும் 3,200 ரூபாய்ப் பெட்டியும்: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

காரின் கணினி அறிந்திருப்பதைக் கைத்தொலைபேசியில் காட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி அது. மேலுறையில் "இஎல்எம் 327, வி1.5, எல்லா வாகனங்களுக்கும்" என்று அச்சிட்டிருந்தது. இணையவழியில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். கொட்டகலைக்கு அது தபாலில் வந்து சேர்ந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. மேலுறையில் இருந்த மூன்று கூற்றுகளில் ஒன்றுகூட முழு உண்மை அல்ல என்பதை இன்று அறிவேன். ஆயினும், இரண்டு கராஜ்களும் 41,000 ரூபாயும் மூன்று மாதங்களாகக் கண்டுபிடிக்காத ஒரு குறையின் பக்கம் என்னை முதலில் திருப்பியது இந்தப் பெட்டிதான் என்பதால், இதன் குறைகளையும் பயனையும் சற்று விரிவாகவே எழுதி வைக்க விரும்புகிறேன்.

என்னுடையது 2010ஆம் ஆண்டில் தயாரான, 1500 சிசி பெற்றோல் எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட கார். வீடு கொட்டகலையில், கற்பிக்கும் பாடசாலை தலவாக்கலைப் பக்கம். ஏ7 வீதியில் பத்தனைச் சந்தியைக் கடந்து, டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் இடத்துக்கு அருகே ஒரு நாள் காலை, எந்த முன்னறிவிப்பும் இன்றி எஞ்சின் நின்றது. ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் எதுவுமே நடவாதது போலக் கிளம்பியது. அடுத்த பத்து நாட்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரே வாரத்தில் மூன்று தடவை. ஒரு தடவை ஏற்றத்தில், ஒரு தடவை இறக்கத்தில், ஒரு தடவை லிந்துலைக் கடைவீதியில் பின்னால் தனியார் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது.

சமவெளியில் ஓடுகிறவர்களுக்கு இது எரிச்சல்; நமக்கு இது அச்சம். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிகளுக்கான வெற்றிடமே எஞ்சியிருக்கும், அதன்பின் மிதி கல்லாகிவிடும். ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். கினிகத்தேனைக்குக் கீழே கிதுல்கல வரையான வளைவுகளிலோ, ரம்பொடை இறக்கத்திலோ இது நிகழ்வதை எண்ணிப் பார்த்தவர்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவார்கள். நானும் சில வாரங்கள் அவ்வாறே போனேன்.

முதலில் சென்ற கராஜில் பற்றரியின் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து, "ரீசெட் பண்ணியாச்சு" என்றார்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் பொடியைத் துடைத்தார்கள். காரின் குணம் மாறவில்லை. இரண்டாவது கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கோட் (கோளாறின் குறியெண்) ஏதும் இல்லை என்றார்கள். கோட் இல்லாததால் பெற்றோல் பம்ப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி அதையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். பம்ப் மாற்றிய ஆறாம் நாள் கார் மீண்டும் நின்றது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பற்றரியைக் கழற்றினால் பெரும்பாலான கார்களில் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவின் நினைவில் இருந்த கோட்களும், கோளாறு நேர்ந்த கணத்தில் காரின் வேகம், எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று, வெப்பம் ஆகியவை என்னவாக இருந்தன என்ற "ஃப்ரீஸ் ஃப்ரேம்" பதிவும் சேர்ந்தே அழிந்துபோகும். திருடன் விட்டுச்சென்ற காலடித் தடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அதன்பின் பொலிஸை அழைத்தது போன்ற செயல் அது. முதல் இடத்தில் அழித்ததை இரண்டாம் இடத்தில் தேடியிருக்கிறோம்.

பெட்டியை வாங்கியது இந்தக் கட்டத்தில்தான். விற்றவரின் பக்கத்தில் இதற்கு இருந்த புகழ்மொழிகள் அத்தனையும் "கோட் வாசிக்கலாம், செக் எஞ்சின் விளக்கை அணைக்கலாம்" என்பதைப் பற்றியவை. எட்டு மாத அனுபவத்தில் சொல்கிறேன்: அவை இரண்டும் இதன் மிகச் சிறிய பயன்கள். விளக்கை அணைப்பது பயனே அல்ல, பல வேளைகளில் தீங்கு. இதன் உண்மையான பயன், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈசியூ அறிந்திருப்பவற்றை நொடிக்கு நொடி கைத்தொலைபேசியில் எழுதி வைப்பது. இடைவிட்டு வரும் கோளாறுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை; ஏனெனில் கராஜுக்குப் போகும்போது இக்கோளாறு ஒருபோதும் கூட வருவதில்லை.

பொருத்துவது எளிது. ஸ்டியரிங்குக்குக் கீழே, சாரதியின் முழங்காலுக்கு அருகே, 16 ஊசிகள் கொண்ட செருகுதளம் இருக்கும். அதில் பெட்டியைச் செருகி, தொலைபேசியின் புளூடூத்தில் 1234 என்ற இலக்கத்தைக் கொடுத்தால் இணைந்துவிடும். அன்ட்ரொய்ட் தொலைபேசிக்கு இது போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இதே உருவில் வரும் சாதாரண புளூடூத் பெட்டியை வாங்கி ஏமாற வேண்டாம். அவர்களுக்கு வைஃபை வகை அல்லது புளூடூத் 4.0 வகை தேவை. செயலிகளில் டோர்க், கார் ஸ்கேனர் ஆகிய இரண்டையும் பயன்படுத்தினேன். பதிவுகளை அட்டவணையாக வெளியே எடுக்க இரண்டிலும் வழி உண்டு. எனக்குக் கார் ஸ்கேனரின் வரைபுகள் கண்ணுக்கு இதமாக இருந்தன.

இப்போது மேலுறைக் கூற்றுகளுக்கு வருகிறேன். இஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சில்லு; காரின் மொழியைத் தொலைபேசிக்கும் கணினிக்கும் புரியும் எழுத்துகளாக மாற்றித் தருவதே அதன் வேலை. அந்நிறுவனம் 2022இல் தன் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது. 1.5 என்ற பதிப்பை அது ஒருபோதும் வெளியிட்டதில்லை. அந்த எண்ணைச் சுமந்து வருபவை எல்லாமே நகல்கள். நகல்களிலும் தரம் உண்டு என்பது வேடிக்கை. 1.5 என்று பொய் சொல்லும் பல நகல்கள், 2.1 என்று பொய் சொல்லும் பல நகல்களைவிட அதிகமான கட்டளைகளைப் புரிந்துகொள்கின்றன. ஆகவே விலை ஒன்றாக இருந்தால் சிறிய எண் அச்சிட்டதை எடுப்பது நல்லது.

"எல்லா வாகனங்களுக்கும்" என்பது அதைவிடப் பெரிய பொய், அதுவும் நம் நாட்டில். அமெரிக்கச் சந்தைக் கார்களுக்கு, இப்பெட்டி பேசும் பொது மொழியான ஓபிடி 2 முறை 1996 முதல் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்து. ஆனால் நமது வீதிகளில் ஓடும் பழைய ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் செருகுதளம் அதே 16 ஊசியாக இருந்தாலும் பேசும் மொழி வேறாக இருக்கக்கூடும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் 2001ஆம் ஆண்டுக் காரில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததே தவிர ஒரு சொல்கூட வரவில்லை. அதே வேளை, சக ஆசிரியை ஒருவரின் 2013ஆம் ஆண்டு 800 சிசி இந்தியக் காரில் முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. ஹைபிரிட் கார் ஒன்றில் எஞ்சினின் விவரங்கள் மட்டும் வந்தன. அதன் பெரிய பற்றரியைப் பற்றி அறிய வேறு செயலி வேண்டும். எதிர்வீட்டுத் தம்பி தன் "டொல்பின்" வேனுக்கும் போட்டுப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டார். பொறிமுறைப் பம்ப்பில் ஓடும் அந்தப் பழைய டீசல் எஞ்சினுக்கு இப்படி ஒரு வாயே கிடையாது என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது என்பதால், பத்துப் பதினைந்து வயதுக் கார்களைப் பழுதுபார்த்தே ஓட்டுகிற நம்மில் பலர், வாங்குமுன் நண்பர் ஒருவரின் பெட்டியை இரவல் வாங்கித் தம் காரில் செருகிப் பார்த்துவிடுவது பணத்தைக் காக்கும்.

பெட்டி வந்த அன்று மாலையே காரின் கோட்களைப் பார்த்தேன். நிலைத்த கோட் எதுவும் இல்லை. உறுதியாகாமல் காத்திருக்கும் "பெண்டிங்" பகுதியிலும் ஒன்றும் இல்லை. ஏமாற்றத்தோடு எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி மற்ற எண்களை மேய்ந்தபோது, உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் 87 கிலோபாஸ்கல் என்று காட்டியது. இணையத்தில் படித்தவற்றில் அது 100க்கு அருகே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததால், இதோ பிடித்துவிட்டோம் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். எஞ்சின் ஓடாதபோது அந்தச் சென்சர் காட்டுவது வெறும் வளிமண்டல அழுத்தத்தை என்பது விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கே பிறகுதான் உறைத்தது. கொழும்பில் 101, இங்கே 87க்கு அண்மை, 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 81 அளவு, இதுவே முறை. கடல்மட்டத்தில் இருப்பவர்கள் எழுதிய அறிவுரையை மலையில் இருந்து படித்து நல்ல சென்சரை மாற்றியவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

இதே போன்ற இன்னொரு மயக்கம் இறக்கத்தில் வரும். கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது ஈசியூ பெற்றோலை முழுவதுமாக நிறுத்திவிடும். அந்த வேளையில் ஒட்சிசன் சென்சரின் மின்னழுத்தம் பூச்சியத்தை ஒட்டி விழும். வட்டவளையிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பதிவில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அது கோளாறு அன்று. ஆனால் சுற்று ஐட்லுக்கு (காலை அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலைக்கு) அருகே இறங்கியதும் பெற்றோல் மீண்டும் தொடங்குகிற அந்த ஒரு நொடியில், அழுக்கேறிய த்ரொட்டில் உள்ள கார்கள் நின்றுபோவது உண்டு. நிறுத்தத்துக்கு வரும்போது மட்டுமே உங்கள் கார் நிற்கிறதென்றால் அங்கே தேடுங்கள். என் கார் காலை அழுத்தியிருக்கும்போதும் நின்றது.

பதிவு செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். பட்டியலில் இருந்த பதினெட்டு விவரங்களையும் தெரிவுசெய்துவிட்டேன். பெட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பதில் வாங்கும். ஆகையால் ஒரு சுற்று முடிந்து அதே விவரம் மீண்டும் வர இரண்டு மூன்று நொடிகள் ஆயின. நகல் பெட்டிகளின் பெரிய பலவீனம் இந்த மந்தம். நான்கைந்து மடங்கு விலையுள்ள பெட்டிகளில் இது மிகக் குறைவு. மலிவுப் பெட்டியோடு வாழ வேண்டுமெனில், எஞ்சின் சுற்று, வாகன வேகம், த்ரொட்டில் நிலை, நீரின் வெப்பம், பெற்றோல் திருத்த வீதம் (ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவ்வாறு குறைத்த பிறகு நொடிக்கு ஒரு தடவைக்கும் மேலாக ஒவ்வொன்றும் பதிவாயிற்று.

இரண்டாவது தவறு என் காலில் இருந்தது. எஞ்சின் துண்டித்ததும் பயத்தில் கிளட்சை மிதித்துவிடுவேன். மிதித்தால் எஞ்சின் சக்கரங்களிலிருந்து பிரிந்து உண்மையிலேயே நின்றுவிடும். பதிவில் சுற்று பூச்சியம் என்று வரும். எக்காரணத்தால் நின்றிருந்தாலும் அப்படித்தான் வரும். முதல் மூன்று பதிவுகளும் இப்படிப் பயனற்றுப்போயின. கிளட்சைத் தொடாமல் கியரிலேயே விட்டால், பெற்றோல் வராவிட்டாலும் ஸ்பார்க் இல்லாவிட்டாலும் ஓடும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடமும், பெல்ட்டில் ஓடும் ஸ்டியரிங் பம்ப்புக்கு விசையும் அதனால் தொடர்ந்து கிடைக்கும் என்பது கூடுதல் பாதுகாப்பு. இது கையால் கியர் மாற்றும் கார்களுக்கு மட்டும் பொருந்தும். ஓட்டோமெட்டிக் கார் நின்றால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துதான் மீண்டும் கிளப்ப வேண்டும், சாவியைப் பூட்டும் நிலைக்கு மட்டும் திருப்பிவிடக் கூடாது.

நான்காம் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள மைத்துனர் பக்கத்தில் இருந்தார். ஓட்டுகிறவரே திரையைப் பார்ப்பது எஞ்சின் நிற்பதைவிட ஆபத்து. மூன்றாம் கியரில், மெல்லிய இறக்கத்தில், காலை இலேசாக அழுத்தியபோது கார் ஒரு குலுக்குக் குலுக்கிச் செத்தது. கிளட்சைத் தொடவில்லை. மூன்று நான்கு நொடிகளில் இன்னொரு குலுக்கலோடு தானே உயிர்பெற்றது. வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். வேகம் 36, சுற்று 1,740. அடுத்த வரியில் வேகம் 36, சுற்று 0. அடுத்து 35, 0. அடுத்து 34, 0. அதற்கடுத்த வரியில் 34, 1,640.

கார் மூன்றாம் கியரில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது, கிளட்ச் மிதிக்கப்படவில்லை, ஆனால் எஞ்சின் சுழலவில்லை என்று ஈசியூ சொல்கிறது. இது இயற்பியலில் நடக்க முடியாத காரியம். எஞ்சின் சுழன்றுகொண்டுதான் இருந்தது. அது சுழல்கிறது என்ற செய்தி ஈசியூவுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுபோவது கிராங்க் சென்சர். செய்தி நின்றதும், எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணி ஈசியூ பெற்றோலையும் ஸ்பார்க்கையும் தானே நிறுத்திவிடுகிறது. பம்ப்பின் குற்றமாக இருந்திருந்தால் சுற்று வேகத்தோடு சேர்ந்தே மெதுவாக இறங்கியிருக்கும், பெற்றோல் திருத்த வீதமும் முன்கூட்டியே ஏறியிருக்கும். என் பதிவில் அது 4 வீதத்தைத் தாண்டவில்லை. ஈசியூவுக்கு மின்சாரம் தரும் ரிலேயோ சாவிச் சுவிட்சோ பழுதாகியிருந்தால் வேகமும் பதிவாகியிராது, இணைப்பே அறுந்திருக்கும். இவ்வளவையும் சொன்னது ஐந்து வரிகள். கோட் பகுதியைத் திறந்தபோது இம்முறை பெண்டிங்கில் பி0335 காத்துக்கொண்டிருந்தது. அதை அழிக்காமல் படம் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் மதிப்பீட்டை முடித்திருந்தால் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் கதை இன்னும் இருக்கிறது. பி0335 என்றால் கிராங்க் சென்சர் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருந்தது. பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும் உறவினரிடம் சொல்லி 6,500 ரூபாய்க்குப் பழைய சென்சர் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன். நான்காம் நாள், வட்டவளைக்கு அருகே, கார் மீண்டும் நின்றது.

கொட்டகலையில் எல்லோரும் "பாஸ்" என்றே அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வீட்டு முற்றத்தில் தகரக் கூரை போட்டு வேலை செய்பவர். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இதோடு விடுகிறேன். அவரிடம் பெட்டியையும் பதிவுகளையும் எடுத்துப்போனேன். திரையை எட்டத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தவர், "இது சென்சர் கெட்டதுன்னு சொல்லலையே சேர், சென்சர்லேர்ந்து சேதி வரலைன்னுதானே சொல்லுது" என்றார். பி0335 என்ற கோட்டின் முழுப் பெயரிலேயே "சர்க்கிட்" என்ற சொல் இருக்கிறது: சென்சர், அதன் செருகி, ஈசியூ வரை போகும் கம்பிகள் எல்லாம் அடங்கிய மின்சுற்று. நான் அந்தச் சொல்லைப் படித்தும் படிக்காதவனாக இருந்திருக்கிறேன்.

"எப்பெப்ப நின்னுச்சு, அன்னைக்கு எஞ்சின் சூடு எவ்வளவு?" என்று அடுத்துக் கேட்டார். ஏற்றம் ஏறி எஞ்சின் சூடானபின் நிற்கிறது என்பது அதுவரை என் உறுதியான எண்ணம். சென்சர்கள் சூட்டில் துண்டித்து, ஆறியதும் பிழைத்துக்கொள்வது பரவலாகக் காணப்படும் குறை என்பதால் அது பொருந்தியும் வந்தது. பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நின்ற வேளைகளில் நீரின் வெப்பம் 74 பாகையாகவும் இருந்தது, 91 ஆகவும் இருந்தது. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எல்லாப் பதிவுகளிலும் பொதுவாக இருந்தது வேறொன்று: நிற்பதற்குச் சற்று முன்னர் த்ரொட்டில் மாறியிருந்தது. காலை அழுத்திய கணம், அல்லது எடுத்த கணம். எட்டு நாட்களாக என் தொலைபேசிக்குள்ளேயே கிடந்த செய்தி அது; நான் பார்க்கவில்லை, பெட்டியும் தானாக எடுத்துச் சொல்லவில்லை.

காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் எஞ்சின் தன் மவுண்டுகளின் மேல் முன்னும் பின்னும் சாயும். மலை வீதியில் ஒவ்வொரு வளைவிலும் இது நடக்கும். எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டு, தொலைபேசியில் சுற்றின் வரைபைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, பெல்ட்டுக்கு எட்டத்தில் கையை வைத்துக் கம்பிக் கட்டை இடம் இடமாக மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். ஓல்டர்னேட்டருக்குக் கீழே ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பருகே வந்ததும் வரைபு செங்குத்தாக விழுந்தது, எஞ்சினும் நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளட்ச் தட்டு மாற்றியபோது, கம்பிக் கட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை யாரோ திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். அன்று முதல் கம்பி அந்த விளிம்பில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் செப்பு இரும்பைத் தொட்டு, சென்சரின் செய்தி பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சாண் கம்பியை வெட்டிப் புதிதாக ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, புதுக் கிளிப்பில் பூட்டினார். 2,500 ரூபாய் கேட்டார். என் பழைய சென்சரையே மீண்டும் பொருத்திவிட்டு, பஞ்சிகாவத்தைச் சென்சரை டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே பெட்டிக்கு எத்தனை மதிப்பெண்? மாணவர்களின் விடைத்தாள் திருத்துவது போலச் சொன்னால், நடந்ததைப் பதிவு செய்வதில் எழுபத்தைந்து. கோட் வாசிப்பதில் அறுபது, அதுவும் அந்தக் கோட்டைப் பாகத்தின் பெயராக அன்றி இடத்தின் பெயராக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மேலுறையின் நேர்மைக்கு எதுவும் இல்லை. பெற்றோலின் அழுத்தத்தை இது காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையது போன்ற சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் அதை அளக்கும் சென்சரே இல்லை, ஆகையால் பம்ப் மீது ஐயம் வந்தால் அழுத்தமானி வைத்திருக்கும் கராஜுக்குத்தான் போக வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் இரண்டு தொல்லைகள். செருகுதளத்துக்கு எப்போதும் பற்றரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதால், காரைப் பூட்டிய பின்னரும் பெட்டி விழித்திருந்து சிறிது மின்சாரம் குடிக்கும். 40 மில்லி அம்பியர் என்று கொண்டாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 அம்பியர் மணி. 35 அம்பியர் மணிப் பற்றரி வாடிக் கிடக்கும் நுவரெலியாவின் ஜனவரிக் குளிரில், பாடசாலை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அது போதுமான துன்பம். இரண்டாவது, பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கிளட்ச் காலின் முழங்கால் அதில் இடிக்கும். ஒரு தடவை இடித்து இணைப்பு விட்டுப்போனதை எஞ்சினின் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் குழம்பினேன். சிறு நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி இரண்டாவது தொல்லையைத் தீர்த்தேன். முதலாவதற்குக் கழற்றி வைப்பதைத் தவிர வழியில்லை.

கம்பி மாற்றி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இடையில் கண்டிக்கு நான்கு தடவையும் கொழும்புக்கு இரண்டு தடவையும் போய் வந்தேன். எஞ்சின் ஒரே ஒரு தடவை நின்றது, லிந்துலைக்கு மேலே நானுஓயா ஏற்றத்தில். நெஞ்சு படபடக்க ஓரங்கட்டிவிட்டுப் பதிவைத் திறந்தேன். சுற்றும் வேகமும் கைகோத்து ஒன்றாக இறங்கியிருந்தன, எங்கும் பூச்சியத்துக்குத் தாவவில்லை, அதற்கு முந்திய அரை நிமிடத்தில் பெற்றோல் திருத்த வீதம் 4இலிருந்து 20ஐத் தாண்டி ஏறியிருந்தது. பெற்றோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பெற்றோல் தாங்கியில் எஞ்சியிருந்த கொஞ்சம், ஏற்றத்தில் பின்பக்கமாக ஒதுங்கிவிட்டது. மைத்துனர் கானில் பெற்றோல் கொண்டுவரும் வரை அந்தப் பதிவையும் பழைய பதிவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.